மைட்டர் ரம்பத்துக்கு மடக்கு ஸ்டாண்டு: சேலத்தில் செய்தது, ஏற்காட்டில் திருத்தியது

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் என் அக்கா வீடு இருக்கிறது. மங்களூர் ஓடு வேய்ந்த பழைய கட்டடம். சென்ற ஐப்பசி மழையில் இரண்டு அறைகளில் ஒழுகியது. ஏறிப் பார்த்தபோது ஓட்டில் குறை இல்லை. அதைத் தாங்கிய ரீப்பர்கள், அதாவது நீள மரச் சட்டங்கள்தான் உளுத்துப்போயிருந்தன. ஜன்னல் கதவுகளிலும் குறுக்குச் சட்டங்கள் இற்றுவிட்டன. "ஆசாரி யாரும் இங்கே நாலு நாள் தங்கிச் செய்ய வரமாட்டேன் என்கிறார்கள். நீயே வந்து முடித்துக் கொடு தம்பி" என்றாள் அக்கா. தை மாதம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

என்னிடம் 10 அங்குல மைட்டர் ரம்பம் ஒன்று இருக்கிறது. மரத்தை நேராகவும் கோணமாகவும் குறுக்கே அறுக்கும் மின் ரம்பம் அது. தச்சு வேலை எனக்குத் தொழில் அல்ல. விடுமுறை நாட்களில் செய்து செய்து கைக்கு வந்தது. கண்ணங்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிதான் பட்டறை. ரம்பத்தைத் தரையில் சாக்கு விரித்து வைத்து, குந்தி உட்கார்ந்துதான் இதுவரை அறுத்து வந்தேன். நீள மரத்தைத் தாங்க இரு பக்கமும் ஒரு செங்கல், அதன்மேல் ஒரு ப்ளைவுட் துண்டு. ரம்பத்தின் படுகை, அதாவது மரத்தைக் கிடத்தும் தட்டு, தரையிலிருந்து 4 அங்குல உயரம். செங்கல் 3, ப்ளைவுட் முக்கால், மீதிக்கு அட்டை. நான்கைந்து துண்டு அறுக்க இது போதும். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளை மலையில் ஈர மண்ணில் குந்தியபடி அறுக்க முடியாது.

முதுகு வலியை விட அதிலிருந்த ஆபத்துதான் என்னை உறுத்தியது. என் ரம்பம் நிமிடத்துக்கு 4800 சுற்று ஓடுகிறது. 255 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடின் பற்கள் அந்த வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அதன் எதிரே குந்தி உட்கார்ந்து ஒரு கையால் மரத்தை அழுத்தி, மறு கையால் கைப்பிடியை இறக்குகிறோம். அந்த நிலையில் உடம்பு தடுமாறினால் ஊன்றிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. நின்று வேலை செய்தால் இரண்டு காலும் தரையில் உறுதியாக இருக்கும். ஸ்டாண்டு செய்தே தீருவது என்று முடிவெடுத்தது இதனால்தான்.

கடையில் ஆயத்தமாக விற்கும் ஸ்டாண்டுகளைப் போய்ப் பார்த்தேன். நல்லவை என் கைக்கு எட்டாத விலை. எட்டும் விலையில் இருந்தவற்றின் கால்களைப் பிடித்து ஆட்டினால் ஆடின. சேலத்தில் இரும்புக்கும் பஞ்சமில்லை, வெல்டிங் பட்டறைக்கும் பஞ்சமில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஓர் இரும்புக் கடையில் 16 கேஜ் சதுரக் குழாய் வாங்கினேன். 16 கேஜ் என்றால் தகட்டின் கனம் 1.6 மில்லிமீட்டர். ஒன்றேகால் அங்குலக் குழாய் 20 அடி நீளம் ஒன்று, ஒரு அங்குலக் குழாய் 20 அடி இரண்டு. ஒன்றேகால் அங்குலம் அடிக்கு 460 கிராம் வரும். ஒரு அங்குலம் அடிக்கு 365 கிராம். மலைக்குத் தூக்கிப் போகும் பொருள் என்பதால் முதலிலேயே எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டேன். "14 கேஜில் போடுங்கள் அண்ணா, காலத்துக்கும் இருக்கும்" என்று கடைப் பையன் சொன்னான். அவன் சொன்னது தவறில்லை. ஆனால் 12 கிலோ ரம்பத்துக்கும் இரண்டு கிலோ ரீப்பருக்கும் அந்தக் கனம் தேவையில்லை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வீண் எடையைத் தூக்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு அளவுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றேகால் அங்குலக் குழாயின் உள்ளளவு 28 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு அங்குலக் குழாயின் வெளியளவு 25.4. ஆகவே சிறியது பெரியதற்குள் வழுக்கிப் போகும். நான்கடி நீளத்தில் இரண்டு ஒன்றேகால் அங்குலக் குழாய்களை இணையாக வைத்துத் தண்டவாளம் போல ஒரு சட்டகம். அவற்றின் இரு முனைகளிலிருந்தும் இரண்டடி நீளமுள்ள ஒரு அங்குலக் குழாய்கள் உள்ளே போகும். ஒவ்வொன்றையும் ஒன்றரை அடி வெளியே இழுத்தால், அரை அடி உள்ளே பிடித்திருக்கும். மடக்கினால் நான்கடி, இழுத்தால் ஏழடி. இப்படி இழுக்கும் குழாய்களைக் கைகள் என்பேன். அவற்றின் நுனியில் மரத்தைத் தாங்க ஒரு தேக்குக் கட்டை. பழைய நிலைக்கதவின் துண்டு அது. தலைக்கட்டை என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன்.

உயரத்துக்கு எந்தக் கணக்கையும் கடன் வாங்க வேண்டாம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடியும் இடத்தைத் தரையிலிருந்து அளந்தால் அதுதான் படுகையின் உயரம். எனக்கு 34 அங்குலம் வந்தது. அதில் ரம்பத்தின் படுகை 4, அடியில் வைக்கும் ப்ளைவுட் முக்கால், குழாய் ஒன்றேகால் என்று கழித்தால் மிச்சம் 28. கால்களைச் சாய்த்து வைப்பதால் நீளம் கூடும். 15 டிகிரி சாய்வுக்கு 29 அங்குலம்.

வெல்டிங் பட்டறைக்காரர் என்னை விட இருபது வயது மூத்தவர். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இரண்டு ஜோடிக் காலும் ஒரே மட்டத்தில் மடங்கினால் ஒன்றையொன்று முட்டாதா?" என்று கேட்டார். முட்டும். கீல்களுக்கு இடையே மூன்றடிதான் இருக்கிறது. 29 அங்குலக் கால்கள் இரண்டு எதிரெதிரே மடங்கினால் 58 அங்குலம் வேண்டும். அவரே வழியும் சொன்னார். ஒரு ஜோடியின் கீலை மற்றதை விட ஒன்றேகால் அங்குலம் கீழே இறக்கி, அந்த ஜோடியை அதே அளவுக்குக் குட்டையாக வெட்டினோம். இப்போது ஒரு ஜோடி மேலடுக்கிலும் இன்னொன்று கீழடுக்கிலும் மடங்கிப் படுக்கின்றன. நான் தாளில் இரண்டு வாரம் போட்ட கோடுகளில் பிடிபடாததை அவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுகொண்டார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

நட்டு வெல்டு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இழுக்கும் கைகளை இறுக்கிப் பிடிக்கக் குழாயில் துளை போட்டு, மேலே மூன்று நூல் நட்டை வெல்டு வைத்தோம். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது நம் ஊர்ப் பட்டறைக் கணக்கு. மூன்று நூல் என்றால் எட்டில் மூன்று பங்கு. வெறும் நட்டை வைத்து வெல்டு செய்தால் தீப்பொறி மரைக்குள் விழுந்து ஒட்டிக்கொள்ளும். பழைய போல்ட் ஒன்றை நட்டுக்குள் முறுக்கி வைத்துச் செய்தால் மரை தப்பிக்கும். குழாயின் உள்ளே தெறித்த குமிழ்களை அரை வட்ட அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் உள்குழாய் தடையில்லாமல் ஓடியது.

அந்த நட்டை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அன்று நான் யோசிக்கவே இல்லை. கைக்கு எட்ட வசதியாகப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன். பட்டறைக்காரரும் வைத்துக் கொடுத்தார். மலையில் வந்த சங்கடம் அனைத்துக்கும் வேர் அங்கேதான் இருந்தது.

ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, மேலே சாம்பல் நிற எனாமல் ஒரு பூச்சு. ப்ளைவுட் பலகையின் ஓரங்களில் ஈரம் ஏறாதிருக்க வார்னிஷை மூன்று முறை ஊறவிட்டேன். மொத்தச் செலவு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. எடை 17 கிலோ. ரம்பத்தைக் கழற்றி வைத்தால் ஒருவரே தூக்கலாம். மாடியில் இரண்டடித் துண்டுகளை அறுத்துப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை. இரண்டடித் துண்டு தலைக்கட்டை வரை போகவே போகாது என்பது அப்போது உறைக்கவில்லை.

தை இரண்டாம் வாரம் நண்பரின் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து புறப்பட்டோம். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இரும்பு நகரும் சத்தம். மேலே போய் இறக்கியபோது காலைப் பிடித்திருந்த நட்டுகளில் இரண்டு பாதி கழன்றிருந்தன. அன்றே ஏற்காடு கடைவீதியில் நைலான் வளையம் உள்ள நட்டுகளை வாங்கி மாற்றினேன். மலைப்பாதையில் போகும் எந்தப் பொருளுக்கும் முதலிலேயே அவற்றைத்தான் போட வேண்டும். ரம்பத்தின் தலையைக் கீழே இறக்கிப் பூட்டியிருந்ததால் அதற்கு எதுவும் நேரவில்லை. இன்னொன்று: இந்த வேலைக்கு மே மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோடை விழாக் கூட்டத்தில் சரக்கு வண்டி மேலே போய்ச் சேரவே அரை நாள் ஆகும்.

அக்கா வீட்டு முற்றம் செம்மண் தரை; காப்பித் தோட்டத்தை நோக்கிச் சரிந்து போகிறது. சேலத்து மாடியில் அசையாமல் நின்ற ஸ்டாண்டு அங்கே மூன்று காலில் நின்று, நான்காவது காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஆடியது. பாதத்தில் வைத்திருந்த திருகு போல்ட் ஒரு அங்குலம்தான் நீளும். கல் வைத்துப் பார்த்தேன். ரம்பம் அதிர அதிரக் கல் நழுவியது. மாமா மண்வெட்டியை எடுத்து வந்து, மேட்டுப் பக்கக் கால்கள் இரண்டுக்கும் ஒரு சாண் அகலத்தில் ஆழமில்லாத குழி வெட்டி, அவற்றை அதற்குள் இறக்கினார். ஆட்டம் நின்றது. நான் ரசமட்டத்தை எடுத்துப் படுகையின் மேல் வைத்தேன். குமிழ் நடுவில் இல்லை. மறுபடி குழி வெட்டப் போன மாமாவை நான்தான் தடுத்தேன். இந்த ரம்பத்துக்குத் தரையோடு மட்டம் தேவையில்லை. பிளேடு தன் படுகைக்கும், மரத்தை முட்டவைக்கும் வேலிச் சட்டத்துக்கும்தான் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆடாமல் நின்றால் போதும். இதைத் தெரிந்துகொண்டால் மலையில் பாதி நாள் மிச்சமாகும்.

மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. 1650 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்சைப் போடும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு. பழைய வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. சமையலறையில் ஒரே ஒரு 16 ஆம்பியர் பிளக் இருந்தது. அங்கிருந்து முற்றத்துக்கு 25 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நீட்டிப்புக் கம்பி செய்து எடுத்துப் போயிருந்தேன். சுருளை முழுவதும் பிரித்துத் தரையில் போட வேண்டும். சுற்றியபடியே பாரம் ஏற்றினால் நடுவில் சூடேறும். காலையில் பனிமூட்டம் கலைந்து புல் உலரும் வரை, அதாவது பத்து மணி வரை, ரம்பத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் ஓடு இறக்கி அடுக்கினோம்.

முதல் எட்டடி ரீப்பரை வைத்தேன். ஓரத்தில் ஓரடி கழிக்க வேண்டும். மீதி ஏழடியும் இடப்பக்கக் கையின் மேல். பிளேடு தொட்டதும் மரம் வெடுக்கென்று குதித்துப் படுகையில் அறைந்தது. நிறுத்தினேன். பிளேடு ஓய்ந்த பின் தலையைத் தூக்கிப் பார்த்தால், வெட்டு வாயில் சில்லுத் தெறித்திருந்தது. இரண்டாவது ரீப்பரும் அதே போல. கிளாம்ப் போட்டு அழுத்தினால் குதிப்பது நின்றது. ஆனால் வெட்டு முடியும் தறுவாயில் பிளேடு இறுகி மோட்டார் முனகியது. பிளேடில் கோளாறோ என்று ஒரு மணி நேரம் அதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாமாதான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "கை தொங்குகிறதே" என்றார். நான் ரம்பத்தின் முன்னால் நின்றதால் எனக்குத் தெரியவில்லை. மீன்பிடி நரம்பு ஒன்றைப் படுகையின் ஒரு கோடியிலிருந்து தலைக்கட்டை வரை இழுத்துப் பிடித்தோம். தலைக்கட்டை மூன்று நூல் தாழ்ந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே மேலும் கீழுமாகச் சேர்த்து 3 மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளே பிடித்திருப்பது அரை அடி. வெளியே நீண்டிருப்பது ஒன்றரை அடி, அதைப் போல மூன்று மடங்கு. அரை அடிக்கு 3 மில்லிமீட்டர் சாய்ந்தால், ஒன்றரை அடியின் நுனியில் 9 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கும். மூன்று நூல் என்பது அதேதான். தலைக்கட்டை தாழ்ந்ததால் ரீப்பர் ரம்பப் படுகையின் விளிம்பைத் தாங்குபுள்ளியாக வைத்துச் சாய்ந்து, மறுபக்கம் பிளேடுக்குக் கீழே ஒரு நூல் எம்பி நின்றது. எம்பி நிற்கும் மரத்தைப் பிளேடு தொட்டால் அது கீழே அறையத்தான் செய்யும். அழுத்திப் பிடித்தால் மரம் வளைந்து நிற்கிறது. வெட்டு முடியும்போது வளைவு விடுபட்டு மரம் அசைந்து பிளேடைக் கவ்வுகிறது.

பக்கவாட்டு போல்டை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது. அது தொங்கிய நிலையிலேயே பிடித்து நிறுத்துகிறது. உள்குழாய் எப்படித் தொங்குகிறது என்று பாருங்கள்: வெளிக்குழாயின் வாயருகே அது அடிச்சுவரில் சாய்கிறது, உள்ளே இருக்கும் கோடி மேல்சுவரைத் தானாகவே முட்டுகிறது. ஆகவே வாயருகே அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் இரு இடத்திலும் மேல்சுவரோடு ஒட்டி, குழாய் நேராகிவிடும். போல்ட் இருக்க வேண்டிய இடம் குழாயின் அடிப்பக்கம், வாயிலிருந்து ஒரு அங்குலத்துக்குள்.

அந்த மாலையில் வெல்டிங்குக்கு எங்கே போவது? வீட்டைச் சுற்றிக் காப்பிக்கு நிழலாக நிற்பவை மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். விறகுக் குவியலில் கிடந்த ஒரு சில்வர் ஓக் துண்டை உளியால் பிளந்து, ஒரு விரல் நீளத்துக்கு நான்கு ஆப்புகள் சீவினேன். நுனி தாள் போல, அடி 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு வாயிலும் அடிப்பக்க இடுக்கில் செருகிச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் கை நிமிர்ந்தது. நரம்பை மறுபடி இழுத்துப் பிடித்து, தலைக்கட்டையின் இரண்டு போல்ட்டுகளைத் திருகி உயரத்தைச் சரிசெய்தேன். நரம்புக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குக் கட்டை தாழ்வாக இருக்கலாம். மேலே மட்டும் வரக் கூடாது. மூன்றாவது ரீப்பர் வெண்ணெய் போல அறுபட்டது. மாமா அந்த வெட்டு முகத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த மூன்று நாள் வேலை ஓடியது. நான்கு பக்கமும் சரியும் கூரை என்பதால், மூலைச் சட்டத்தில் வந்து சேரும் ரீப்பர்களுக்குக் கோண வெட்டு வேண்டும். மேலிருந்து பார்த்தால் மூலைச் சட்டம் 45 டிகிரியில் போகிறது. அதை நம்பி ரம்பத்தை 45-இல் வைத்தால் இடைவெளி விழும். கூரைச் சரிவு 30 டிகிரி. சரிந்த பரப்பில் அளந்தால் கோணம் மாறிவிடுகிறது. ரம்பத்தை 41-இல் வைக்க வேண்டும். ஒரு துண்டு அறுத்து மேலே ஏறி வைத்துப் பார்த்த பிறகு மீதியை அறுத்தோம், கச்சிதமாகப் பொருந்தின.

ஜன்னல் சட்டங்களுக்கு ஒரே நீளத்தில் நாற்பத்தெட்டுத் துண்டு. இடக்கையின் மேல் ஒரு நிறுத்துக் கட்டையைக் கிளாம்ப் செய்து, ஒவ்வொன்றாக முட்டவைத்து அறுத்தேன். அளவு நாடாவைத் தொடவே இல்லை. நிறுத்துக் கட்டையை ஒரு பக்கம் மட்டுமே வைக்க வேண்டும். வெட்டுப்பட்டு விழும் துண்டின் பக்கமும் ஒன்றை வைத்தால், துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் இடையே சிக்கி எகிறும். மாமாவை அறுக்க விடுவதற்கு முன் இதை மூன்று முறை சொன்னேன். கண்ணாடியும் முகக்கவசமும் போட்ட பிறகுதான் கைப்பிடியைக் கொடுத்தேன்.

சேலம் திரும்பியதும் ஸ்டாண்டை அதே பட்டறைக்குக் கொண்டுபோனேன். நான்கு வாய்களிலும் அடிப்பக்கம் புதிதாக நட்டு வைத்தோம். குழாயின் உள்ளே நீளவாக்கில் ஓடும் இணைப்புத் தழும்பு இரண்டு குழாய்களிலும் பக்கவாட்டில்தான் அமைந்திருந்தது, நல்லவேளை. அது மேல்சுவரில் இருந்திருந்தால் உள்குழாய் ஒட்டாமல் உருண்டிருக்கும். புதிதாகச் செய்பவர்கள் வெட்டும் முன்பே தழும்பைப் பார்த்துக் குழாயைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பக்கவாட்டு போல்ட்டுகளை எடுக்கவில்லை. குழாய் இடவலமாக அசையாமல் பிடிக்க அவை உதவுகின்றன. அடி போல்டை முதலில் இறுக்கி, பிறகு பக்கத்தை இறுக்க வேண்டும்.

நான்கு கால்களில் ஒன்றை மட்டும் வெட்டி, அதற்குள் முக்கால் அங்குலக் குழாயைச் செருகினோம். முழுவதும் உள்ளே போனால் மற்றக் கால்களை விட 2 அங்குலம் குட்டை. முழுவதும் இழுத்தால் 4 அங்குலம் நெட்டை. மற்ற மூன்றையும் ஊன்றிவிட்டு இந்தக் காலைத் தரை தொடும் வரை விட்டு இறுக்கினால் போதும், எந்த மேடுபள்ளத்திலும் ஆட்டம் இல்லை. பாதங்களுக்கு 3 அங்குலச் சதுரத் தகடு போட்டாயிற்று. ஈர மண்ணில் இனி இறங்காது.

பங்குனியில் அக்கா வீட்டுப் பின்கட்டுக் கூரை பாக்கி இருக்கிறது. இந்த முறை குப்பனூர் வழியாகப் போகலாம் என்று நண்பர் சொல்கிறார். நைலான் நட்டுகள் எட்டு உபரியாக வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் ஆப்புகள் நான்கும் அதே டப்பாவில் இருக்கின்றன.